எண்ணிச் சொன்ன ஆச்சு

எர்ரிசாமி டைம் ஆபீஸுக்குள் வந்தால் வருகைப் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு நேர் முன்னால் நிற்க மாட்டார். ஜன்னல் ஓரமாகப் போய், வலது காது என் பக்கம் இருக்கும்படி ஒருக்களித்து நிற்பார். நான்கு வருடம் அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்களை நேராகப் பார்த்துப் பேசக் கூச்சப்படும் ஆண்கள் எங்கள் சுரங்கத்தில் நிறைய உண்டு.

கர்நாடகத்தில் சண்டூர் மலைமேல் இருக்கும் எங்கள் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் அவர் இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் லாரியில் வேலை பார்த்தார். மண் தோண்டும் பொக்லைனும் தாது சுமக்கும் டம்பரும் எண்ணெய் போட்டுக்கொள்ள மலை இறங்கி வருவதில்லை. சர்வீஸ் லாரிதான் அவை நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். லாரியின் முதுகில் மூன்று டாங்கிகள். கம்ப்ரெஸரால் டாங்கிக்குள் காற்றை அடைத்தால், அந்தக் காற்று எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளும். டாங்கி காலியானதும் உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வைத் திறந்தால் சீறிக்கொண்டு வெளியே வரும். சீறல் அடங்கிய பிறகுதான், மேலே ஏறி நிற்பவன் மூடியின் நாலு திருகுகளையும் கழற்றி, பீப்பாயிலிருந்து புது எண்ணெய் ஊற்றலாம்.

காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. எங்கள் லாரியில் அது கெட்டுப்போய், பதினோரு மாதமாக அந்த இடத்தில் ஒரு போல்ட்டைத் திருகி வைத்திருந்தார்கள். அது நன்றாக இருந்த காலத்திலும் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிமேல் சிவப்புத் தூசி அப்பிக் கிடக்கும், துடைத்தால் கால் மணி நேரத்தில் மறுபடி அப்பும். காதுதான் மீட்டர். கீழே வால்வுப் பக்கத்தில் நிற்பவன், சீறல் நின்றதும் "ஆச்சு" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் வராமல் மேலே இருப்பவன் திருகைத் தொட மாட்டான். வந்த பிறகு தானும் ஒருமுறை சோதித்துப் பார்க்க மாட்டான். அப்படிப் பார்த்தால், கீழே நிற்பவன் சொல்லை நம்பவில்லை என்று ஆகும். அதற்காகவே ஒரு தடவை இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு டைம் ஆபீஸ் வரை வந்திருக்கிறார்கள்.

கீழே நிற்பது எர்ரிசாமி. மேலே ஏறுவது டிரைவர் கொட்ரேஷ். கொட்ரேஷுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாதவன். ஏழு வருடமாக இருவரும் ஒரே வண்டி. மத்தியானம் ஒரே டப்பாவில் சோள ரொட்டி. மற்ற வண்டிக்காரர்கள் ஒரு நிமிஷத்தில் "ஆச்சு" சொல்லும் இடத்தில் எர்ரிசாமி மூன்று நிமிஷம் எடுப்பார். கொட்ரேஷ் டாங்கிமேல் குந்திக்கொண்டு, பொக்லைன் ஆபரேட்டர்களுக்குக் கேட்கும்படி கத்துவானாம்.

"அண்ணா, நீ ஆச்சுன்னு சொல்றதுக்குள்ள எம் பொண்ணு பெரியவளாயிடுவா போல இருக்கு."

"ஆகட்டும், உன் மூஞ்சி இல்லாம அவ அம்மா மாதிரி பொறந்திருக்கா. மாப்பிள்ளை கெடைப்பான்" என்பாராம் எர்ரிசாமி, கையை வால்வுக்கு முன்னால் வைத்தபடியே.

அந்தக் கையை யாரும் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் கம்ப்ரெஸருக்குப் பக்கத்தில் நின்ற காது அவருடையது. அது போய்க்கொண்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி மாரெக்காதான். ஒரு மழைக்கால மாலையில் கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் சில்வண்டே கத்தவில்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார். மாரெக்கா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாளாம். பேசுவது காதில் விழாத அளவுக்குச் சுற்றிலும் சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

ஆள் பேசுவது கேட்டது. லாரி ஹாரன் கேட்டது. மெல்லியதாகவும் கூராகவும் இருக்கும் சத்தங்கள்தான் போய்விட்டன. காற்று கடைசியில் சன்னமாகச் சீறும் சத்தம் அதில் ஒன்று. வருடாந்திர மருத்துவச் சோதனையில் கம்பவுண்டர் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எர்ரிசாமி "சார்" என்பார். காது நன்று என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது ஐம்பது வயது, ஓய்வுக்கு எட்டு வருடம் பாக்கி. காது இல்லாதவனுக்கு மலைமேல் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கையை நனைத்து வால்வுக்கு முன்னால் பிடிப்பார். ஈரக் கையில் காற்று படுவது நிற்கும் வரை காத்திருப்பார். அது போதாதென்று மேற்கொண்டு ஐம்பது எண்ணுவார். அதன் பிறகுதான் "ஆச்சு". இப்படி நாலு வருடம் ஒரு தவறும் நடக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஒர்க்ஷாப்பில் அந்த வால்வுக்கு ஒரு குழாய் வைத்துப் பற்றவைத்தார்கள். காற்றோடு எண்ணெயும் பிசிறி சட்டையெல்லாம் பாழாகிறது என்று கொட்ரேஷ்தான் எழுதிக் கொடுத்திருந்தான். குழாய் லாரியின் அடிவயிற்றுக்குப் போய், பின் சக்கரங்களுக்கு நடுவில் கீழ்நோக்கித் திறந்தது. சட்டைக்கு நல்லது. கை எட்டாது. திங்கட்கிழமை எர்ரிசாமி எதையோ தேடுவதுபோல லாரிக்கு அடியில் தவழ்ந்து போய்க் கையை நீட்டிப் பார்த்தார், அன்று எண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை விடாமல் மழை. லாரிக்கு அடியில் முழங்கால் அளவு செஞ்சேறு. இன்னும் இரண்டு டம்பர்கள் எண்ணெய்க்குக் காத்திருந்தன. ஷிப்ட் இன்ஜினியர் வயர்லெஸ்ஸில் திட்டிக்கொண்டே இருந்தார். எர்ரிசாமி வால்வைத் திறந்துவிட்டு இருநூறு எண்ணினார். வழக்கமாக அதற்குள் தீர்ந்துவிடும். குழாய் நீண்டதாலும் வாய் குறுகியதாலும் காற்று மெதுவாகப் போனது அவருக்குத் தெரியாது.

"ஆச்சு" என்றார்.

பக்கத்தில் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்ததால் மேலே கொட்ரேஷுக்கும் சீறல் கேட்கவில்லை. மூன்று திருகுகளைக் கழற்றி, நாலாவதில் கை வைத்தான். மூடி எழும்பி அவன் தாடையில் அடித்தது. டாங்கிமேலிருந்து சேற்றில் விழுந்தான். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது, நாலு பல் போயிற்று, காறை எலும்பு உடைந்தது. சேற்றில் விழுந்ததால்தான் உயிரோடு இருக்கிறான் என்று ஹொஸ்பேட்டை ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

விபத்து அறிக்கை தயாரிப்பது என் வேலை. கன்னடத்தில் கேட்டு இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும். அன்று சாயங்காலமே எர்ரிசாமியை அழைத்து வந்தார்கள். சட்டையில் ரத்தமும் செம்மண்ணும் ஒரே நிறமாகக் காய்ந்திருந்தன. பாதுகாப்பு அலுவலர் ஹிரேமட் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் எர்ரிசாமியிடம், நீங்கள் ஆச்சு சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹிரேமட் சார் பேசினார்.

"கொட்ரேஷ் அவசரப்பட்டு நீ சொல்றதுக்கு முன்னாடியே திறந்துட்டான். அப்படித்தானே எர்ரிசாமி?"

எர்ரிசாமி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். குரல் வரும் முன்பே காயமடைந்தவர் மூடியைத் திறந்தார் என்று ஒரு வரி அடித்தேன். அடிக்கும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏழு வருடம் குரல் வராமல் திருகைத் தொடாதவன் அன்று மட்டும் ஏன் தொட்டான் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஒரு வரியால் கொட்ரேஷுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் போயிற்று. விதியை மீறியதால் விபத்து. குணமாகித் திரும்பினாலும் விசாரணை முடியும் வரை வேலை கிடையாது. முடிந்த பிறகும் வண்டி கிடைக்காது. எங்கள் மலையில் ஒருமுறை விதி மீறினவன் என்று எழுதப்பட்டவனைச் சுற்றியிருக்கும் எந்தச் சுரங்கமும் எடுக்காது.

எட்டு நாள் எர்ரிசாமி வேலைக்கு வந்தார், போனார். ஒன்பதாம் நாள் மாரெக்கா அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். கொட்ரேஷின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. மகளின் பள்ளி நோட்டில் எழுதிக் காட்டுவான், மனைவி ஹொன்னூரம்மா படித்துச் சொல்வாள். இவரைப் பார்த்ததும் அவன் எழுதிய முதல் வரி, அண்ணா சாப்பிட்டாச்சா என்பது. அதைப் படித்துவிட்டு ஹொன்னூரம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவரு சாப்பாடு கேப்பாரு. நான் வேற கேக்கறேன். நீங்க குரல் குடுத்தீங்களா, குடுக்கலையா அண்ணா?"

"குடுத்தேன்மா."

"அப்ப ஆபீஸ்ல ஏன் தலையாட்டினீங்க?"

கொட்ரேஷ் நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்றாள் மாரெக்கா. உண்மையைச் சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் இந்த மனுஷன் போய்விடுவான், இதில் நான் என்ன சொல்ல என்றாள்.

மறுநாள் காலை எர்ரிசாமி டைம் ஆபீஸுக்கு வந்தார். அன்றைக்கும் ஜன்னல் ஓரத்தில் ஒருக்களித்துத்தான் நின்றார்.

"அந்தக் காகிதத்தைத் திரும்ப எடு தாயி. நான் ஆச்சுன்னு சொன்னேன். ஆனா கேட்டுச் சொல்லல. எண்ணிச் சொன்னேன்."

அப்போதுதான் சில்வண்டு, ஈரக் கை, குழாய் எல்லாம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எங்கேயும் நிறுத்தித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. இதை எழுதினால் நீங்கள் தகுதியில்லாதவர் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். தெரியும் என்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றேன். அதுவும் தெரியும், நீ எழுது என்றார். தூங்கியே பத்து நாள் ஆனவர் முகம் அது. சண்டை போடுவதற்குக்கூட அதில் தெம்பு இல்லை.

எழுதியதை ஹிரேமட் சாரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தடவை படித்தார். எர்ரிசாமியை உள்ளே வரச் சொல்லி எதிரே உட்காரவைத்தார். ஹிரேமட் சார் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு கடன் வீடு.

"இப்ப நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது சார்."

"அப்புறம் என்ன?"

"பேச்சு கேக்கும் சார். காத்துதான் கேக்காது."

"போன வருஷம் உன் காது நல்லாயிருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்குக் கீழ நான் போட்டிருக்கேன். நாலு வருஷமா செவிட்டு ஆளை டாங்கிப் பக்கத்துல நிக்க வெச்சதுக்கு யாரு பதில் சொல்றது? போ. போய் வேலையைப் பாரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்படியும் ஒரு நிலைமை வரும் என்று எர்ரிசாமி நினைத்திருக்க மாட்டார். வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒருவன் துணிந்து வந்து தன் குறையைச் சொல்கிறான். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார், இரண்டும் மேசை இழுப்பறைக்குள் போயின. யூனியன்காரர்களிடம் போனார். இரண்டு உறுப்பினர்களில் யாருக்காகப் பேசுவது என்று அவர்கள் கையைப் பிசைந்தார்கள். சொந்தத் தம்பி ஊரிலிருந்து வந்து, பைத்தியமா உனக்கு என்று கேட்டுவிட்டுப் போனான்.

விபத்து நடந்த பதினேழாம் நாள் அரசாங்கத்தின் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி வருவதாக இருந்தது. அன்று எர்ரிசாமியை மலையின் மறுபக்கத்துக் குழிக்கு, கல் பொறுக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் நாலு கிலோமீட்டர் நடந்து, பத்தரை மணிக்கு ஒர்க்ஷாப் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அதிகாரி அப்போது மீட்டர் இடத்தில் இருந்த போல்ட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்க நான் பக்கத்தில் நின்றேன். எர்ரிசாமி நேராக அவரிடம் போய், இந்த டாங்கியில் குரல் கொடுத்தது நான், எனக்குக் காற்றுச் சத்தம் கேட்காது என்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொல்வது கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றார் எர்ரிசாமி. அதிகாரி ஹிரேமட் சார் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார்.

"சார், காத்தை ஏத்திட்டுத் திறந்து விடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நின்னதும் கையைத் தூக்கறேன். நீங்க உங்க வாட்ச்சைப் பாருங்க" என்றார் எர்ரிசாமி.

அதிகாரி தலையசைத்தார். கம்ப்ரெஸரை ஓட்டி டாங்கியில் காற்றை ஏற்றி நிறுத்தினார்கள். ஒர்க்ஷாப்பில் அரைக்கும் மெஷினையும் நிறுத்தச் சொன்னார்கள். எர்ரிசாமி லாரிக்கு முதுகு காட்டி, ஐந்தடி தள்ளி நின்றார். ஒரு பிட்டர் வால்வைத் திறந்தான். முதலில் பெரிய சத்தம், குக்கர் வெடித்ததுபோல. பிறகு அது இறங்கி, மெலிந்து, ஒரே சீராகச் சீறத் தொடங்கியது.

எர்ரிசாமி கையைத் தூக்கினார்.

சீறல் நிற்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வாசலில் டீ கொண்டுவந்தவனுக்குக்கூடக் கேட்டது, அவன் தட்டோடு நின்றுவிட்டான். எர்ரிசாமி கையைத் தூக்கியபடி நிற்கிறார். யாராவது சரி என்று சொல்வார்கள் என்று காத்திருக்கிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அதிகாரி வாட்ச்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹிரேமட் சார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கி ஒரு நிமிஷம் தாண்டியது.

"தாயி," என்றார், திரும்பாமலே. "நின்னுடுச்சா?"

"இன்னும் இருக்கு" என்றேன்.

அவர் கையை இறக்கினார். மறு கையால் தோளைத் தடவிக்கொண்டார், இத்தனை நேரம் தூக்கி வைத்திருந்தது வலித்ததுபோல. அதிகாரி பேனாவைக் கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லாரியை நிறுத்தி வைக்க உத்தரவு. பதினோரு மாதமாக வராத மீட்டர் மூன்றாம் நாள் வந்தது, அதுவும் இரண்டாக. டாங்கிமேல் கை வைக்கும் எல்லோருக்கும் ஹொஸ்பேட்டையில் மெஷின் வைத்துக் காது சோதனை. நாற்பத்தொரு பேரில் ஆறு பேருக்கு எர்ரிசாமியின் காதைப் போலவே இருந்தது. அந்த ஆறு பேரின் வீட்டில் அவர் பெயரை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹிரேமட் சாரை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள். கொட்ரேஷின் குற்றச்சாட்டுக் கடிதம் ரத்தானது. எர்ரிசாமிக்கு மருத்துவத் தகுதியில்லை என்ற ஆணையை நான்தான் அடித்தேன். கன்னடத்தில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கொட்ரேஷ் பெயர் இதில் எங்கேயும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார். முப்பது நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

கொட்ரேஷ் அக்டோபரில் வந்தான். தாடை ஒரு பக்கம் இழுத்திருந்தது, வார்த்தைகள் பல்லில்லாத இடத்தில் சறுக்கின. தகுதிச் சான்றிதழை என் மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான். எர்ரிசாமியைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பார்க்கப் போவதில்லை என்றான். காது விஷயம் தெரிந்த அன்று ஆஸ்பத்திரியில் மனைவியிடமிருந்து நோட்டைப் பிடுங்கி என்னென்னவோ எழுதினானாம், எல்லாம் கெட்ட வார்த்தைகள், மகள் படிக்கக் கூடாதென்று அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டானாம்.

"ஏழு வருஷம் ஒரே டப்பால சாப்பிட்டோம் மேடம். காது கேக்கலடா தம்பின்னு ஒரு நாள் எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன? நான் கீழ நின்னு கேட்டிருப்பேன். அவரு மேல ஏறித் திறந்திருப்பாரு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். நானும் அதை அதற்கு முன் யோசிக்கவில்லை. எர்ரிசாமியும் யோசித்திருக்க மாட்டார். நாலு வருடமும் எப்படி மறைப்பது என்று மட்டுமே யோசித்தவர் அவர்.

சான்றிதழைப் பதிவு செய்து, மறுவாரத்து ஷிப்ட் அட்டவணையை அவன் பக்கம் திருப்பினேன். திங்கள் முதல் சனி வரை முதல் ஷிப்ட். அவன் விரலால் தடவிப் படித்தான். வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது.

"அன்னைக்கு எனக்கு லீவு போடுங்க."

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே லீவா என்றேன்.

"அவங்க வீடு காலி பண்றாங்க. பீரோ ஒண்ணு இருக்கு, இரும்புக் கட்டில் ரெண்டு இருக்கு. மாரெக்கா எவ்வளவு தூக்குவா? அவருக்கும் வயசாச்சு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். "எனக்கும் இந்தத் தோள்ல பாரம் தூக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்காங்க. இன்னொரு தோள் நல்லாத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினேன்.